மணிக்கூட்டு மார்க் தூளும் அதன் ஓட்டைகளும்

கறித்தூள் வியாபாரத்தில் முதலில் வருவது எங்கட தும்மல், அடுத்து வருவது அயலட்டையின் தும்மல், அதுக்கெல்லாம் பிறகுதான் வாங்குகிற ஆள் வருவார்.

வீட்டுக் குசினியில் எதையாவது செய்து, பைக்கற்றில் கட்டி, கடை கடையாக ஏறி இறங்கி, "வைச்சிட்டுப் போங்கோ, பாப்பம்" என்ற பாழாய்ப்போன வசனத்தைக் கேட்டு நொந்தவரா நீங்கள்? அப்ப கதிரையை இழுத்துப் போட்டு இருங்கோ. உங்களுக்கும் எனக்கும் ஒரே வருத்தம்தான்.

நாங்கள் திரியாயில் வயலும் மாடும் என்று இருந்த ஆட்கள். சண்டையில் ஊர் இடம்பெயர்ந்தபோது திருகோணமலை ரவுனுக்கு ஓடிவந்து, என்ர ஒன்றுவிட்ட அக்கா வீட்டுப் பின் அறையில் குந்தினனாங்கள். ஊரில் எங்களைத் தெரியாத நாய்கூட இல்லை. ரவுனில் எங்களைத் தெரிந்த நாய்கூட இல்லை. என்னைக் கட்டின மனுசனின் அடையாள அட்டையில் இருப்பதோ திரியாய் விலாசம். ரோட்டில் மறித்துச் சோதிக்கிற சென்றியில் நிற்கும் படைக்காரர் அட்டையைப் பார்ப்பார்கள், அவரைப் பார்ப்பார்கள், ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கச் சொல்லுவார்கள். பிறகு அந்த ஒரே கேள்வி: "ரவுனில உன்னை ஆருக்குத் தெரியும்?" மனுசன் நெற்றியைத் தடவிக்கொண்டு நிற்பார். அக்கா போய்ச் சொன்னால் சொந்தக்காரர் சொல்லுவது செல்லாது என்பார்கள். ஒவ்வொரு முறையும் ஆள் வீடு வந்து சேரும்வரை நான் வாசலையே பார்த்துக்கொண்டு இருப்பேன்.

ஆகவே எனக்கு இரண்டு காரியம் நடக்கவேணும். தூள் விற்கவேணும். அந்தக் கேள்வி வருகிற நாளில், சொந்தம் பந்தம் இல்லாத ஒருத்தர் "இவரை எனக்குத் தெரியும்" என்று சொல்லவேணும். இரண்டுக்கும் தேவையானது ஒரு பேர்.

பேரில்லாத பை

மூதூர்ப் படகு, லோஞ்ச் என்பார்கள், வந்து கட்டுகிற ஜெட்டிக்குக் கிட்ட கறீம் காக்காவின் பலசரக்குக் கடை இருந்தது. முஸ்லிம் ஆட்களில் அண்ணைக்குக் காக்கா என்பது முறை. லோஞ்சுக்குக் காத்துநிற்கிற சனம் முழுக்க அங்கேதான் சாமான் வாங்கும். அந்தத் தட்டில் எங்கட தூள் ஏறிவிட்டால் கடல் தாண்டி மூதூர் வரைக்கும் போய்விடும் என்பது என்ர கணக்கு. வறுத்து இடித்து, வெறும் பொலித்தீன் பையில் போட்டு, வாயை மெழுகுதிரியில் வாட்டி ஒட்டிக்கொண்டு போய் அவருக்கு முன்னால் வைத்தனான்.

காக்கா ஒரு பையைப் பிரித்து மணந்து பார்த்தார். நுனி நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். சரி, காரியம் பலித்தது என்று நானும் முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு நின்றனான். கண்ணைத் திறந்தவர் மிச்சப் பைகளை ஒவ்வொன்றாக எடுத்து என்ர கையிலேயே திருப்பி அடுக்கினார்.

"தங்கச்சி, தூள் சோக்கான தூள், பொய் சொல்லக் கூடாது. ஆனா இதத் திண்டு நாளைக்கு ஒராளுக்கு வயித்தால போனா நான் ஆரத் தேடிப் பிடிக்கிற?"

ஆம்பிளையும் உரலும்

மில்லில் கரண்ட் இருக்கிற நாளைவிட இல்லாத நாள்தான் அப்ப அதிகம். அதனால் வறுப்பது நான், இடிப்பது என்ர மனுசன் என்று பிரித்துக்கொண்டனாங்கள். வயல் இல்லாத கமக்காரனின் கைப்பலம் சும்மாதானே கிடந்தது! மூக்கைத் துவாயால் கட்டிக்கொண்டு உலக்கையைத் தூக்கினாரென்றால் முற்றம் அதிரும். கிணற்றடிக்கு வருகிற பெண்டுகளுக்கு நின்று பார்க்க நல்ல விடுப்பு. "அண்ணை, எங்களுக்கும் மா இடிச்சுத் தருவீங்களோ?" என்று நெளிப்புக் காட்டுவார்கள். மனுசன் கூச்சத்தில் வேலிப் பக்கம் திரும்பி நின்று இடிப்பார். எனக்கு ஏறும் கோபம்! "உங்கட வீட்டுக்காரர் இடிக்காத வயித்தெரிச்சலுக்கு எங்களில ஏன் பாயுறீங்கள்?" என்று கேட்டுவிடுவேன்.

இந்தக் கதை எப்படியோ ஜெட்டியடிக்குப் போய்விட்டது. அங்கே குசுமா அக்கா என்று ஒரு சிங்களப் பெண், பிறந்தது முதல் திருகோணமலைதான், சோற்றுக்கடை வைத்திருந்தா. லோஞ்ச்காரர், மீன்காரர், பக்கத்துச் சென்றியில் நிற்பவர்கள் எல்லாருக்கும் மத்தியானப் பார்சல் அவவின் கையால்தான். ஒருநாள் குடையைப் பிடித்துக்கொண்டு எங்கட வேலிப் படலையடியில் வந்து நிற்கிறா. உள்ளே வாங்கோ என்றேன். வரவில்லை. வேலிக்கு மேலால் எட்டி, அவர் இடிப்பதை நல்லாய்ப் பார்த்து முடித்தா. அதுக்குப் பிறகு, என்னைத் தங்கச்சி முறை வைத்து, தூள் வேணும் என்றா.

"நங்கி, என்ட மனுசன் தேத்தண்ணிக்குச் சீனி போட்டாலும் கலக்க மாட்டான். தூள் எங்க எண்டாலும் வாங்கலாம், நான் வந்தது இந்தாளைப் பாத்திட்டுப் போக."

சிங்கமும் வேண்டாம், மற்றதும் வேண்டாம்

காக்கா சொன்னது மண்டையில் ஏறிவிட்டது. லேபிள் அடிக்கவேணும். அச்சுக்கூடத்து அண்ணையிடம் போய், "திரியாய்க் கறித்தூள்" என்று போடுங்கோ என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளை, மனுசன்ர அட்டையில இருக்கிற விலாசத்தால வாற கரைச்சலே காணும். அதைப் பைக்கற்றிலயும் ஒட்டி ஊரெல்லாம் அனுப்பப் போறியோ?" என்றார். அது ஞாயம்.

பேரை விட்டுப் படத்துக்கு வந்தனாங்கள். படம் முக்கியம் பாருங்கோ. தமிழ் வாசிக்கத் தெரியாத சனத்துக்கும் விளங்கவேணும். சிங்கம் போட்டால் எங்கட ஆட்கள் தொடமாட்டார்கள். இன்னொரு மிருகத்தைப் போட்டால் விற்க நாங்கள் உயிரோடு இருக்க மாட்டோம். மயில் போட்டால் கோயில் சாமான் என்று காக்காவின் ஆட்கள் யோசிப்பார்கள். பிறை போட்டால் எங்கட ஆட்கள் யோசிப்பார்கள். தாமரைக்கும் ஒரு கதை இருந்தது. நங்கூரத்துக்கு அண்ணையே தலையை ஆட்டிவிட்டார், அது நேவிக்காரரின் தொப்பியில் கிடக்கிறதாம். ஒரு மிளகாய்த் தூளுக்குப் போட இந்த நாட்டில் படம் இல்லை!

கடைசியில் அண்ணை ஒரு தகரப் பெட்டியைக் கவிழ்த்து, படம் அடிக்கிற பழைய புளொக்குகளைக் கிளறினார். மணிக்கூடு திருத்துகிற ஒருவர் தன்ர பில்லுக்குச் செய்வித்து, எடுக்க வராமலே விட்ட புளொக் ஒன்று கிடந்தது. மேலே இரண்டு மணி வைத்த, அலாரம் அடிக்கிற மேசை மணிக்கூடு. தூளுக்கும் மணிக்கூட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன்.

"ஒரு சம்பந்தமும் இல்லைப் பிள்ளை. ஆனா இந்த ஊரில மணிக்கூட்டோட ஒருத்தருக்கும் கோவம் இல்லை."

மணிக்கூடு படம் போட்ட பார்சல்

அண்ணை சொன்னது சரிதான், ஒரு இடத்தைத் தவிர. ஜெட்டிக்குப் போகிற வழியில் இருந்த சென்றியை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. சண்டைக் காலத்தில் பார்சலுக்கு மேலே மணிக்கூட்டுப் படம் ஒட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் போன மூளையை நீங்கள் எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா? அன்றுதான் முதன்முதலாக லேபிள் ஒட்டின தூள். பெருமையோடு பையைத் திறந்து காட்டினனான். அந்தப் பெடியன் ஒரு பைக்கற்றைத் தூக்கினான், படத்தைப் பார்த்தான், மெல்ல, பிள்ளைத்தாய்ச்சியை இருத்துகிற மாதிரி மண்மூட்டையில் வைத்தான். அடுத்த நிமிடம் விசில். லோஞ்சுக்கு வந்த சனம் முழுவதும் பின்னுக்கு ஓடுகிறது. ஒரு கிழவனார் ஓடிக்கொண்டே என்னைத் திட்டுகிறார். நான் திறந்த பையோடு தனியே நிற்கிறேன்.

வயது போன ஒரு அதிகாரி வந்தார். காதுக்குக் கிட்ட வைத்து, டிக் டிக் கேட்கிறதா என்று பார்த்தார். பிறகு கம்பி ஒன்றால் பைக்கற்றில் ஒரு குத்து. புஸ்ஸென்று தூள் முகத்தில் அடித்தது. அவர் தும்மத் தொடங்கினார் பாருங்கோ, நிற்கவில்லை. ஓடின சனம் திரும்பி நின்று சிரிக்கிறது, நிற்கிற பெடியன்களும் வேறு பக்கம் திரும்பிச் சிரிக்கிறார்கள். அன்றிலிருந்து எங்கட ஒவ்வொரு பைக்கற்றுக்கும் ஒரு குத்து என்பது சட்டமாகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த அதிகாரி தனக்குத் தெரிந்த தமிழில் என்னைக் கேட்டார்:

"அக்கா, உனக்கு வேற படம் ஒண்டும் கிடைக்கேல்லையா?"

கோணல் லேபிள்

படத்தை மாற்றலாம்தான். ஆனால் அச்சடித்த லேபிள் கட்டுக்கட்டாய்க் கிடந்தது, ரவுனில் கடதாசித் தட்டுப்பாடு, காக்காவும் அதற்கிடையில் ஆட்களிடம் "மணிக்கூட்டு மார்க்" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். சரி, குத்துகிறவன் குத்தட்டும் என்று ஒரு வழி பிடித்தனான். சென்றியைத் தாண்டும்வரை வெறும் பை. லேபிளும் மாப்பசை டின்னும் என்ர கைப்பையில். குத்து வாங்கின பிறகு ஜெட்டிப் படியில் குந்தியிருந்து, ஓட்டை எங்கே இருக்கிறதோ அந்த இடத்தில் லேபிளை ஒட்டுவேன். தூளும் சிந்தாது, பேரும் தெரியும். ஒருவன் நடுவில் குத்துவான், ஒருவன் மூலையில் குத்துவான், இடக்கைக்காரன் ஒருவன் அடியில் குத்துவான். மணிக்கூடு ஒரு பைக்கற்றில் நிமிர்ந்து நிற்கும், இன்னொன்றில் தலைகீழாய்த் தொங்கும். காக்காவின் தட்டில் கொழும்புக் கொம்பனிப் பைக்கற்றுகள் இஸ்திரி போட்ட மாதிரி வரிசையாய் நிற்க, எங்கடவை ஒட்டுப்போட்ட சட்டைபோலச் சாய்ந்து கிடக்கும். எனக்கு வெட்கத்தில் அந்தப் பக்கம் பார்க்கவே ஏலாது.

ஒருநாள் பசை டின்னோடு கடைக்குள் நிற்கிறேன். நிலாவெளியில் இருந்து வந்த ஒரு அம்மா தூள் கேட்டா. காக்கா நல்ல பிள்ளை மாதிரிக் கொம்பனிப் பைக்கற்றை நீட்டினார். அவ கையை மடக்கிவிட்டா. நான்தான் செய்கிற ஆள் என்று அவவுக்குத் தெரியாது. எங்கட தட்டைக் காட்டி, காக்காவுக்கே பாடம் எடுத்தா.

"லேபிள் நேரா இருந்தா மெசின் ஒட்டினது, கோணலா இருந்தா மனுசர் ஒட்டினது. எனக்கு அந்தக் கோணல் மணிக்கூட்டைத் தாங்கோ."

கள்ளத் தூள்

பேர் எடுத்தால் என்ன வரும்? கள்ளன் வருவான். மத்திய வீதிக் கடை ஒன்றில் மணிக்கூட்டு மார்க் தூள் தொங்குகிறது என்று அக்கா வந்து சொன்னா. நாங்கள் அந்தக் கடைக்குப் போட்டதே இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், கைமணிக்கூட்டுப் படம் கீறின லேபிள். அதுவும் வேணுமென்றே சரித்து ஒட்டியிருக்கிறான். உரித்துப் பார்த்தேன். அடப் பாவி, உள்ளே ஓட்டையும் போட்டிருக்கிறான்! நாங்கள் சென்றியில் நின்று வாங்கின குத்தை அவன் வீட்டில் இருந்து ஆணியால் குத்தியிருக்கிறான். தூளோ பாதி உமி.

வீட்டுக்கு வந்து நான் கத்தின கத்தில் கிணற்றடி வெறிச்சோடிப் போனது. என்ர மனுசன் உலக்கையைச் சாத்திவிட்டு, அந்தக் கள்ளப் பைக்கற்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபம் வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், மனுசனின் முகம் அப்படியே மலருகிறது. ஊரை விட்டு வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் காணவில்லை.

"இஞ்சேரப்பா, எங்களைப் பாத்து ஒருத்தன் கள்ளம் செய்யிற அளவுக்கு வந்திட்டம்!"

பளபளப்புக் காலம்

நடுவில் கொஞ்சக் காலம் பேச்சுவார்த்தை என்று சண்டை ஓய்ந்தது. சென்றியில் பையைத் திறந்து பார்த்துவிட்டுப் போ என்று விட்டார்கள். கம்பியைக் காணோம். எனக்கென்றால் தலைகால் தெரியாத சந்தோசம். இனி நாங்களும் பெரிய ஆட்கள்தானே என்று, மணிக்கூட்டைப் பொலித்தீனிலேயே சிவப்பும் பச்சையுமாய் அச்சடிப்பித்து, நேர்த்தியாய்க் கட்டி, கடைகளுக்குப் போட்டனான். தட்டில் பார்க்க அவ்வளவு வடிவு. நானே கொஞ்ச நேரம் எட்ட நின்று ரசித்தேன்.

ஒரு பைக்கற்றும் அசையவில்லை. ஆட்கள் எடுத்துப் பார்க்கிறார்கள், தடவிப் பார்க்கிறார்கள், திருப்பி வைக்கிறார்கள். இதுதான் கள்ளத் தூள் என்று ஊரில் கதை. நல்ல தூளைக் கொண்டுவந்த நான் கள்ளி! அழாத குறையாகச் சென்றிக்குப் போய், பழக்கமான ஒரு பெடியனிடம் "தம்பி, முந்தின மாதிரி ஒரு குத்துக் குத்தி விடுங்கோ" என்று கேட்டேன், நம்புவீர்களா? அவன் சிரித்துக்கொண்டு கையை விரித்தான். கடைசியில் நானும் மனுசனும் வீட்டில் இருந்து பழைய லேபிள்களையே எடுத்து, அச்சடித்த மணிக்கூட்டுக்கு மேலே கோணலாய் ஒட்டினோம். அதைக் கொண்டுபோன அன்று ஒரு மூதூர்க்காரி பைக்கற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கேட்டாள்:

"லேபிள் சரி. குத்து எங்க?"

உன்னை ஆருக்குத் தெரியும்?

பேச்சுவார்த்தை குழம்பினது. குத்துத் திரும்பி வந்தது, அதோடு வியாபாரமும் வந்தது, கூடவே மற்றப் பயமும் வந்தது. சென்றியில் பழைய முகங்களை எடுத்துவிட்டுப் புது ஆட்களைப் போட்டிருந்தார்கள். எனக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் தூளை மனுசன்தான் கொண்டுபோனவர். மத்தியானமாகியும் ஆளைக் காணோம். லோஞ்சால் இறங்கி வந்த ஒரு பெண் படலையடியில் நின்று, "அக்கா, உங்கட தூள்காரரை மறிச்சு வைச்சிருக்கு, ட்ரக் ஒண்டும் நிக்குது" என்றாள். காய்ச்சல் எங்கே போனதோ தெரியாது. வீட்டுச் சீலையோடு ஓடினனான்.

சுவரோரம் நாலைந்து பேரோடு குந்த வைத்திருந்தார்கள். புது அதிகாரி ஒருவர் மேசையில் இருக்கிறார், கையில் அந்தத் திரியாய் அட்டை. "ரவுனில இவனை ஆருக்குத் தெரியும்?" என்றார். நான் வாயைத் திறந்தேன். மனுசி சொல்லுவது செல்லாதாம். என்ர மனுசன் நெற்றியைத் தடவுகிறார். அந்த ட்ரக்கில் ஏறினவர்களை எங்கே போய்க் கேட்பது என்று எனக்குத் தெரியும், ஒரு இடத்திலும் கேட்கேலாது. முருகா, இவரை விட்டிடு என்று மனதுக்குள் கத்துகிறேன்.

கடையைத் திறந்தபடி போட்டுவிட்டுக் கறீம் காக்கா வந்தார். "எனக்குத் தெரியும் சேர். மணிக்கூட்டு மார்க்" என்றார். லோஞ்சுக்கு நின்ற சனத்தில் ஒருத்தி, என்ர மனுசனை வாழ்நாளில் கண்டிருக்கவே மாட்டாள், "தூள்காரர்தானே? எங்களுக்கும் தெரியும்!" என்றாள். பின்னால் நின்றவர்களும் ஓம் ஓம் என்றார்கள். அதிகாரி கையைக் காட்டி எல்லாரையும் நிறுத்தினார். உங்களுக்கெல்லாம் பைக்கற்றைத் தெரியும், ஆளை ஆருக்குத் தெரியும் என்று கேட்டார். அவர் கேட்டதும் சரிதானே!

அப்பதான் குசுமா அக்கா சோற்றுக் கரண்டியும் கையுமாய் ஆட்களைத் தள்ளிக்கொண்டு வந்தா. அதிகாரியின் மேசையில் அவ கொடுத்தனுப்பின மத்தியானப் பார்சல் பாதி தின்றபடி திறந்து கிடந்தது. அதைக் கரண்டியால் தொட்டுக் காட்டி, சிங்களத்தில் சத்தமாய்ச் சொன்னா. அதோடு அடையாள அட்டை என்ர மனுசனின் கைக்குத் திரும்பி வந்தது. நான் அந்த இடத்திலேயே நிலத்தில் இருந்து வாய்விட்டு அழுதேன். எனக்குச் சந்தைச் சிங்களம் விளங்கும், அதனால் அவ சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்:

"வேலிக்கு மேலால நிண்டு இந்த மனுசன் இடிக்கிறத என்ட கண்ணால பாத்துத்தான் வாங்கினனான். ஒவ்வொரு நாளும் அவர் இடிச்ச தூளத் திண்டுபோட்டு, அவர் ஆரெண்டு என்னட்டயா கேக்கிறீங்க மாத்தயா?"

பேர் எடுத்தால் தூள் விற்கும் என்றுதான் எல்லாரும் எனக்குப் புத்தி சொன்னார்கள். மனுசனும் வீட்டுக்கு வந்து சேருவார் என்று ஒருத்தரும் சொல்லித் தரவில்லை.